மனச்சோர்வு விடுப்பில் ஒரு மீன்

"பாவம், அந்த மீனுக்கு மனசு சரியில்ல போல" என்று லிஃப்ட்டுக்குக் காத்திருந்த யாரோ ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். லிஃப்ட் வந்தது, இருவரும் போய்விட்டார்கள். அந்த வார்த்தை மட்டும் பின்னால் நின்ற கிளை இயக்குநரின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தால் ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று மேலிடம் எங்கோ கேள்விப்பட்டு, எல்லாக் கிளைகளுக்கும் தலா ஒரு தொட்டி அனுப்பியிருந்தது. மகிழ்ச்சிக்குப் பொறுப்பான மீனே அடியில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்தால் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது?

"ஏன் இப்படிக் கிடக்குது?" என்று வரவேற்பு மேஜைப் பெண்ணைக் கேட்டார்.

"தூங்குது சார்."

"கண்ணு திறந்துதானே இருக்கு?"

"மீனுக்கு இமை கிடையாது சார்."

"அப்ப தூங்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

வியாழக்கிழமை அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆள் இல்லை. விடுப்பு விண்ணப்பம் அவர் மேஜையில் கிடக்கும்போது அவரோடு வாதாட அவளுக்கென்ன பைத்தியமா?

மறுநாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. "ஆபரேஷன் அம்மாவுக்குத்தானே, உங்களுக்கு இல்லையே. மீன் இருக்கிற நிலைமையில நீங்க நகரலாமா?" என்றார் இயக்குநர்.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. மீனின் மன அமைதியை முன்னிட்டுப் பிற்பகலில் விளக்கு மங்கலாக இருக்க வேண்டும்; ஓய்விலிருக்கும் மீனின் காதுபட யாரும் வேலை விஷயம் பேசலாகாது.

"இதுல பாதி நமக்கும் கிடைக்குமா சார்?" என்றார் கணக்காளர், வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி. பல் டாக்டரிடம் போக அவர் கேட்ட அரைநாள் வெகுகாலமாகப் பரிசீலனையில் இருந்தது.

"நீங்க மீனா?"

கணக்காளர் யோசித்துப் பார்த்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை அவள் இன்னொரு விண்ணப்பம் எழுதினாள். மேற்படி மீன் மனம் தேற வெளியே போய்வருவது அவசியமாதலால் வியாழனன்று அதற்கு விடுப்பு அளிக்குமாறும், மீன் தனியாகப் பயணம் செய்து பழகாததால் துணைக்கு ஒருவரை அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டிருந்தாள்.

இயக்குநர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "ஒருநாள் போதுமா?" என்றும் கேட்டார்.

வியாழனன்று கண் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்து நாற்காலியில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மீன் இருந்தது. ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்த அம்மா, "இது யாருடி?" என்றாள்.

"லீவு வாங்கிக் கொடுத்தவரும்மா."

அடுத்த வாரம் மீன் கணக்காளரோடு பல் டாக்டரிடம் போயிற்று. பிறகு டைப்பிஸ்ட் மகனின் பள்ளி விழாவுக்கு, காவலாளியின் மச்சான் கல்யாணத்துக்கு. ஒவ்வொரு முறை திரும்பியதும் முன்னைவிட அசையாமல் கிடந்தது. "பாருங்க, இன்னும் தேறல" என்று இயக்குநர் இன்னொரு நாள் கொடுத்தார்.

அவர் மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. போய்ப் பார்க்க அவர் கேட்ட விடுப்பை மேலிடம் மறுத்துவிட்டது. சாயங்காலம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இயக்குநர் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்தார், டப்பாவைத் தொட்டிக்குள் முக்கினார், தூங்கிக்கொண்டிருந்த மீனைத் தண்ணீரோடு அதில் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.