கெண்டைக்கால் கண்டக்டர்

தொண்ணூறுகளில் மாஞ்சோலை பஸ்ஸில் போய்வந்த அத்தனை பேருடைய ரத்தமும் ஒரே ஒரு மனிதரின் விசிலுக்குத்தான் ஓடியது. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கெண்டைக்கால் கண்டக்டர் என்றால் பஸ் புறப்படும் ஜங்ஷனிலிருந்து மலை உச்சிவரை தெரியும்.

நான் அப்போது எஸ்டேட் ஆபீசில் கிளார்க். சனிக்கிழமை மலையிறங்கித் திங்கட்கிழமை ஏறுவேன். இருபத்தைந்து வருடம் நின்றே டிக்கெட் கிழித்ததில் கண்டக்டர் அண்ணாச்சிக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிப் புடைத்திருந்தது. பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். அண்ணாச்சி மருந்துச் சீட்டை அங்கேயே மறந்துவிட்டுப் படத்தை மட்டும் வாங்கி வந்தார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

மலை ஏறுமுன் மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும். அண்ணாச்சி பையிலிருந்து படத்தை எடுத்துத் தூக்கிப் பிடிப்பார்.

"நெஞ்சு தள்ளி விடுத ரத்தம் காலுக்குப் போயிச் சேந்திரும். திரும்பி மேல ஏறணும்லா? அங்கனதான் சிக்கல். கெண்டைக்கால் சதை அமுக்கினாத்தான் ஏறும். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைங்க."

"ஏறுத ரத்தம் பாதியில வழுக்கிட்டா அண்ணாச்சி?" என்று ஒருநாள் நான் கேட்டுத் தொலைத்தேன்.

"நல்லாக் கேட்டீரு வே. மலையில வண்டி நின்னா சக்கரத்துக்குப் பின்னால கட்டை போடுதோம்லா? அதே மாதிரி நரம்புக்குள்ள அங்கங்க கதவு இருக்கு. மேல போகத் தொறக்கும், கீழ வர விடாது. எனக்குக் கதவு கெட்டுப்போச்சு. உமக்கு இன்னும் கெடல. தூக்கும்."

நிறுத்த ஒரு விசில், புறப்பட இரண்டு என்பது ஊர் வழக்கம். அண்ணாச்சி கூடுதலாக ஒன்று சேர்த்தார். மூன்று குட்டி விசில் கேட்டால் பஸ் முழுக்கக் குதிகால் எழும்ப வேண்டும், இருபது தடவை. தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவார். ஒருமுறை ஆட்டோடு ஏறியவரிடம், "ஆடு கெடக்கட்டும், அது நாலு காலுல நடந்துதான வந்துது. நீரு தூக்கும்" என்றார்.

நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் முதலில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பிறகு சாயங்காலக் கால்வீக்கம் குறைகிறது என்று தேயிலைக் காட்டிலும் செய்ய ஆரம்பித்தார்கள்.

யாரோ டிப்போவுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள், வண்டி தினமும் நாலு நிமிஷம் தாமதமென்று. அண்ணாச்சி முகம் செத்துப்போனது. "நிரூபிச்சிட்டாம்னா டிப்போவுல நாற்காலி போட்டு உக்கார வச்சிருவான். இந்த மலையும் சனமும் இல்லாம எனக்கு இருப்புக் கொள்ளாது வே" என்றார். அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

திங்கட்கிழமை செக்போஸ்ட்டில் விசாரணை அதிகாரி ஏறினார். "இங்க உடற்பயிற்சி நடக்குதாமே?"

முன்சீட்டிலிருந்த கொழுந்து பறிக்கும் செல்லம்மாக்கா, "அப்படி ஒண்ணும் கெடையாது சார். வண்டி நிக்கும், உடனே கெளம்பிரும்" என்றாள். பஸ்ஸே தலையாட்டியது. நானும் கூசாமல் ஆட்டினேன். அதிகாரி நோட்டை மூடிவிட்டார்.

அதோடு இறங்கிப் போயிருக்கலாம். டிரைவர் செக்போஸ்ட் பதிவேட்டில் கையெழுத்துப் போட இறங்கிப் போயிருந்தார். அவரைக் கூப்பிட அதிகாரி அண்ணாச்சியிடமிருந்து விசிலை வாங்கி, பொறுமையில்லாமல் மூன்று தடவை ஊதினார்.

நாற்பது பேரின் குதிகால்களும் தானாக எழும்பின. முதலில் எழும்பியது செல்லம்மாக்காவுடையது. அதிகாரி நோட்டை மறுபடி திறந்தார்.

அடுத்த வாரம் அண்ணாச்சிக்கு நாற்காலி கிடைத்தது. எங்களுக்குப் புதுக் கண்டக்டர். செக்போஸ்ட்டில் அவர் முறையாக இரண்டு விசில் கொடுத்தார். வண்டி நகரவில்லை.

"என்னண்ணே, எடுக்கலியா?"

"பையப் பைய எடுக்கலாம்" என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமல். "எல்லாருக்கும் ரத்தம் ஏறட்டும்."

யாரும் விசில் ஊதாமலே குதிகால்கள் எழும்ப ஆரம்பித்தன. நான் இருபது எண்ணி முடித்தேன். இருபத்தொன்றாவதைக் கதவு கெட்டுப்போன அந்த இரண்டு கால்களுக்காகத் தூக்கி வைத்தேன்.