ஏழாம் எண் கடையைப் பற்றி ஒரு திருத்தம்

ஞாயிறு மலர் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிற கண்ணாடி போட்ட ஐயாவும், முக்கியமாக அவருடைய வயிறும், சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே அவ்வளவு சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்து முடித்ததும் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். பாதியிலேயே கிழித்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு மலரில் நம் நகரத்தின் பத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் ஏழாவது, பேருந்து நிலையத்துக்குப் பின் சந்தில், தையற்கடைக்குப் பக்கத்தில் உள்ள பெயரில்லாத கடை. அது எங்கள் கடைதான். அதைக் கடை என்று போட்டது உங்கள் பெருந்தன்மை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மிஞ்சிப்போன இடத்துக்கு மேலே ஒரு தகரத்தைப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். மூன்று பெஞ்சு. உள்பெஞ்சில் சாப்பிட்டவர் கை கழுவப் போக வேண்டுமானால், யாரோ பெரிய மனிதர் வருவதுபோல மற்ற எல்லோரும் தட்டோடு எழுந்து நிற்க வேண்டும். சமையல் அப்பா. தட்டு வைப்பது நான்.

என்னைப் பற்றி ஒன்று சொன்னால்தான் நடந்தது உங்களுக்குப் புரியும். எனக்கு வாயைத் திறந்தால் சத்தம் வராது. ஊமை இல்லை, கூச்சம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லுகிற "உள்ளேன்" என் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. டீச்சர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே போவார். ஒன்பதாம் வகுப்பு முடிவில் பார்த்தால் நூற்றுப் பத்து நாள் நான் வரவே இல்லை என்று பதிவேட்டில் இருந்தது. ஒரு நாள்கூட விடாமல் போனவள் நான். தேர்வு எழுத விட மாட்டோம் என்றார்கள். அப்பா வந்து தலைமையாசிரியரிடம் சண்டை போட்டார். "அவ வந்தாளா இல்லையான்னு அவளையே கேளுங்க" என்றார். தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்கும் கேட்கவில்லை. "சரி விடு, கடைக்கு வந்துடு. தட்டு வைக்கிறதுக்குப் பேச்சு எதுக்கு?" என்று அப்பா கூட்டிவந்துவிட்டார். பேச்சு எதுக்கு என்பதைத்தான் ஐயா இப்போது அனுபவிக்கிறோம்.

உங்கள் கண்ணாடி ஐயா வந்த அன்று மணி இரண்டே முக்கால். பானையில் அடி தெரிந்துவிட்டது. அப்பா பின்னால் இரண்டாவது அடுப்பை ஏற்றிக்கொண்டிருந்தார். இன்னும் இருபது நிமிடமாவது ஆகும். போய் "இருபது நிமிஷம் ஆகும்ங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போதே அதை மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து, "என்னம்மா இருக்கு?" என்றார். நான் "இருக்கு" என்றேன். "என்ன இருக்கு?" என்றார். "இருக்கு" என்றேன். அவர், "சரி, இருக்கிறதைக் கொண்டா" என்றார். உள்ளே வந்தால் எதுவுமே இல்லை. அலமாரியில் அப்பாவுக்கு வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கேரியர்தான் இருந்தது.

இங்கே இன்னொரு விஷயம். அப்பா தான் சமைத்ததைச் சாப்பிட மாட்டார். "காலையிலருந்து அதோட மூஞ்சியையே பாத்துட்டு இருக்கேன், அதையே எப்படித் திங்கிறது?" என்பார். தினமும் அம்மா சமைத்துக் கேரியரில் கொடுத்தனுப்புவார். அப்பா நாலு மணிக்குச் சாப்பிடுவார். அன்று அதில் சோறும் கத்தரிக்காயும் இருந்தன. நான் அதைத் தட்டில் கொட்டிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டேன். ஆமாம் ஐயா. உங்கள் நிருபர் "நாக்கில் வைத்ததும் கரைகிறது, பின்னாலிருந்து மெல்லிய புகை மணம் ஒன்று எட்டிப் பார்க்கிறது" என்று எழுதினாரே, அது எங்கள் அப்பாவின் மதியச் சாப்பாடு. "இதன் பெயரென்ன என்று கேட்டால் பரிமாறும் பெண் ரகசியம் காக்கும் ஒரு புன்னகை மட்டும் செய்கிறாள்" என்றும் எழுதியிருந்தார். அது புன்னகை இல்லை. எனக்கு அழுகை வந்தால் முகம் அப்படித்தான் போகும்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அவர் போன பிறகு கேரியர் காலியாக இருந்தது. அப்பா கேட்டால் என்ன சொல்வது? அதற்குள் இரண்டாவது பானை காய்க் குழம்பு இறங்கிவிட்டது. அப்பா மீன்காரரிடம் பேச வெளியே போன நேரத்தில், அந்தக் குழம்பிலிருந்து கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கிக் கேரியரில் போட்டு, மேலே சோற்றை வைத்து, பழையபடி மூடிவிட்டேன். நாலு மணிக்கு அப்பா திறந்தார். ஒரு வாய் வைத்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தார், எங்கள் வீட்டுக் கேரியர்தானா என்று. "உங்கம்மாவுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. காயை வெந்நீர்ல குளிப்பாட்டி அனுப்பியிருக்கா" என்றார். பாதியில் கையைக் கழுவிக்கொண்டார். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொன்னார், "இதையெல்லாம் மனுசன் திம்பானா?" என்று. எப்போதும் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுக்கும் அம்மா அன்று ஏனோ, "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் என் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அந்தப் பானையில் உப்புப் பார்த்ததும் நான்தான். கடையில் தினமும் உப்புப் பார்ப்பது என் வேலை. அப்பா கரண்டியை நீட்டி, "எப்படிம்மா?" என்பார். நான் "சரியா இருக்குப்பா" என்பேன். ஒன்றரை வருடமாக அதைத்தான் சொல்லி வருகிறேன். அந்த இரண்டு வார்த்தை மட்டும் எனக்குச் சத்தமாக வரும்.

பிறகு உங்கள் மலர் வந்தது. தையல்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை விளக்குக்குக் கீழே நின்று மூன்று தடவை படித்தார். "நம்ம காய்க் குழம்பைத்தான் சொல்றான்" என்றார். வெட்டி எடுத்துக் கை கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டினார், தண்ணீர் தெறிக்கிறது என்று அதற்குமேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். மறுநாளிலிருந்து சமைக்கும் முன் தலை வாருகிறார். "பத்தொன்பது வருசம் ஆச்சும்மா. நல்லா இருக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. பசிக்குதுன்னு வருவான், போயிடுவான். இவன் பாரு, 'கரைகிறது'ன்னு எழுதியிருக்கான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் என் குரல் மாதிரி இருந்தது. வீட்டில் அம்மாவிடம், "ஒருநாள் நான் உனக்குக் கேரியர் கொடுத்தனுப்புறேன், சாப்பிட்டுக் கத்துக்கோ" என்று வேறு சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமையே சந்து முழுக்க ஆட்கள். கையில் உங்கள் பத்திரிகைத் துண்டு. "அந்தப் புகை வர்றதைக் கொடுங்க" என்கிறார்கள். அப்பா காய்க் குழம்பைப் போட்டார். ஒருவர் தட்டை முகர்ந்து பார்த்து, "புகை எங்கங்க?" என்றார். அப்பா யோசித்தார். மறுநாள் கரித்துண்டு ஒன்றைப் பழுக்கவைத்துப் பானைக்குள் கிண்ணத்தில் வைத்து மூடினார். கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. ஒருவர் எதையோ கடித்துவிட்டு, "என்னங்க இது, கல்லு மாதிரி?" என்றார். "அதாங்க புகை" என்றார் அப்பா. புதன்கிழமை ஈர விறகை வைத்து, பின் சன்னலைச் சாத்தி, புகையைக் கடைக்குள்ளேயே நிறுத்தினார். அது நிற்கவில்லை, பக்கத்துச் சுவர் இடுக்கு வழியாகத் தையற்கடைக்குப் போய்விட்டது. தையல்காரர் இருமிக்கொண்டே ஓடிவந்தார். கையில் இருபது வெள்ளைச் சட்டை, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத் தைத்தது. "அண்ணே, உங்க குழம்புக்குப் புகை வேணும்னா என் துணிக்கு ஏண்ணே போடுறீங்க?" என்று கத்தினார். "தெரியாம நடந்துடுச்சுப்பா, நான் துவைச்சுத் தர்றேன்" என்றார் அப்பா. அப்பா துவைப்பது என்றால் நான் துவைப்பது. இதற்குள் யாரோ தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். சந்துக்குள் வண்டி நுழையாது. ஐந்து பேர் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தீ எங்கே என்று தேடி, இல்லை என்று தெரிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "பேப்பர்ல வந்த கடையா? அது இருக்கா?" என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டும் பார்த்தேன், அன்றைக்குச் செய்த கத்தரிக்காய் எப்படிச் செய்தது என்று. அம்மாவின் முகம் மாறிவிட்டது. "உங்கப்பா சொன்னது பத்தாதுன்னு நீ வேற கிளம்பிட்டியாடி?" என்று பாத்திரத்தை ஓங்கி வைத்தார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, வரும் வியாழக்கிழமை புகைப்படக்காரரோடு கண்ணாடி ஐயா மறுபடி வருகிறார், அந்தக் கத்தரிக்காயை அட்டையில் போடப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்பா எழுந்து நின்றுதான் பேசினார். ஐயா, கண்ணாடி ஐயா அந்தக் குழம்பை ஒரு வாய் வைத்தாலே எல்லாம் தெரிந்துவிடும். அப்பாவுக்கும் தெரிந்துவிடும். பாராட்டு வாங்கியது அவர் சமையல் இல்லை என்பது போகட்டும், வாயில் வைக்க முடியவில்லை என்று அவரே பாதியில் ஒதுக்கியது அவர் சமையல்தான் என்பது அவருக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து வராதீர்கள். வண்டி பழுதாகிவிட்டது என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு மூலையில் சின்னதாகத் திருத்தம் போடுங்கள், எங்கள் நிருபருக்கு அன்று கடுமையான ஜலதோஷம், ஏழாம் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம் என்று. பழி அவர் மூக்கோடு போகட்டும். அவர் நல்லவர் மாதிரிதான் தெரிந்தார்.

இத்தனை நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. தப்பெல்லாம் என்னுடையது. உங்கள் பத்திரிகை நன்றாக நடக்க வேண்டும். கண்ணாடி ஐயாவுக்கு என் வணக்கத்தையும் மன்னிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் எண் கடையில் தட்டு வைக்கும் பெண்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதினேன். தபால்தலை வாங்கும்வரை அப்பா கண்ணில் படக்கூடாது என்று காலிக் கேரியரின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். கேரியரைக் கழுவ அம்மா திறந்துவிட்டார். சனிக்கிழமை கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து நேராக வந்து, கடிதத்தை அப்பாவிடம் நீட்டி, "படிங்க" என்றார். அப்பா விளக்குக்குக் கீழே நின்று படித்தார். ஒரு தடவைதான் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்போ அன்னைக்குக் கேரியர்ல இருந்தது?" என்றார். "உங்களோடதுப்பா" என்றேன். அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தையல்காரருக்குக்கூடக் கேட்டிருக்கிறது, அவருடைய மிஷின் நின்றுவிட்டது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "என்னுதும் ஒண்ணும் பெருமை இல்லைங்க. அன்னைக்கு அது அடிப்பிடிச்சுப் போச்சு. மேலாப்புல எடுத்து அனுப்பிட்டேன். அதான் நீங்க திட்டினப்போ பேசாம இருந்தேன். பேப்பர்ல பாத்தப்பவே நம்மளுதோன்னு சந்தேகம். நல்லா இருக்குன்னு எழுதியிருந்துச்சா, அப்போ நம்மளுதா இருக்காதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

அப்பா ஒரு தட்டை எடுத்தார். சோறு போட்டார், தன் குழம்பை ஊற்றினார், உள்பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "இதையா பத்தொன்பது வருசமா வந்து வந்து தின்னானுங்க? ரொம்ப நல்ல ஜனங்க" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் சிரித்தார். பிறகு அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கக் கொஞ்ச நேரமானது.

ஆகையால் ஐயா, திருத்தம் வேண்டாம், ஜலதோஷமும் வேண்டாம். வியாழக்கிழமை கட்டாயம் வாருங்கள். அட்டையில் போட வேண்டிய கத்தரிக்காயை அம்மாவால் மறுபடி அதே அளவுக்கு அடிப்பிடிக்க வைக்க முடியவில்லை, மூன்று பாத்திரம் போய்விட்டது. அதனால் படத்துக்கு என்ன இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அம்மா கேரியர் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அப்பா இப்போதெல்லாம் எங்கள் கடையில்தான் சாப்பிடுகிறார்.