பீப்பாய்களுக்கு மறுபடியும் பெயின்ட்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் வணக்கத்தோடு எழுதுவது. உடம்பளவில் நான் நலம். நீங்களும் நலம், அத்தையின் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் வந்து, இந்த ராணுவ முகாமிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தபோது, "குப்பை உன்கிட்ட கேள்வி கேக்காது, நீயும் பதில் சொல்ல வேண்டாம்" என்றீர்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று நானும் நினைத்தேன். குப்பையைக் குறை சொல்ல மாட்டேன், அது இதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனிதர்கள்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் கொட்டகைக்கு எண்ணெய்த் துணி வரும், செத்த பேட்டரி வரும், டியூப் லைட் வரும், காலி பெயின்ட் டப்பா வரும். இதெல்லாம் விஷக் கழிவு, அட்டையோடும் தகரத்தோடும் சேரக் கூடாது. தனித்தனிப் பீப்பாயில் போட்டு, எடை பார்த்து அனுப்ப வேண்டும். நானும், பேட்டரி தூக்கித் தூக்கி இடுப்பு போன பேட்டரி அக்காவும் பார்த்துக்கொண்டோம். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் விஷக் கழிவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. எப்படிக் குறைப்பது என்று அதில் இல்லை. எங்கள் மேற்பார்வையாளருக்கு வாயில் வேறு வார்த்தை வராது என்பதால் எஸ் சார் என்று பெயர். அவர் யோசித்து, விஷக் கழிவுப் பீப்பாய்க்கெல்லாம் சிவப்பு பெயின்ட் அடித்தால் யாரும் கலந்து போட மாட்டார்கள் என்றார். நல்ல யோசனைதான். அடித்தோம். ஈரம்கூடக் காயவில்லை, தீயணைப்புப் பிரிவுக்காரர் வந்து, சிவப்பு எங்கள் மணல் வாளியின் நிறம், அவசரத்தில் மணல் என்று நினைத்து எவனாவது எண்ணெய்த் துணியை அள்ளி நெருப்பில் போட்டால் யார் பொறுப்பு என்று குதித்தார். எஸ் சார் என்றார் எஸ் சார். சுரண்டிவிட்டு மஞ்சள் அடித்தோம். மஞ்சளைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊசியும் பஞ்சும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள், மஞ்சள் என்றால் அவர்களுக்கு அதுதானாம். சுரண்டிவிட்டுப் பச்சை அடித்தோம். மாமா, இங்கே சுவர் பச்சை, லாரி பச்சை, கூடாரம் பச்சை, ஆட்களே பச்சை. பீப்பாய் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. ஒரு டிரைவர் லாரியைப் பின்னால் எடுத்து ஒரு பீப்பாயை அப்பளமாக்கிவிட்டு, "சத்தியமா கண்ணுக்கே தெரியலை சார்" என்றார். ராணுவத்தில் இது பாராட்டு போலிருக்கிறது, எஸ் சார் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. பிறகு பச்சைமேல் வெள்ளைப் பட்டை அடிக்கச் சொன்னார்.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், சுரண்டிய தூள் விஷக் கழிவு. தின்னரில் நனைந்த துணி விஷக் கழிவு. காலி டப்பா, காய்ந்த பிரஷ், என் கையுறை எல்லாமே விஷக் கழிவு. பீப்பாய்க்கு அடித்த பெயின்டின் டப்பா அதே பீப்பாய்க்குள் போய் விழுகிறது. நிறைந்துவிட்டது என்று வேறு பீப்பாய் கேட்டால் வருகிறது, அதற்கும் பெயின்ட் அடிக்கிறோம். கொட்டகைச் சுவரில் 'குறைப்போம்' என்ற பலகைக்குக் கீழே வாராவாரம் வரையும் எடைக் கோடு ஏணி வைத்த மாதிரி ஏறுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து, ஏன் ஏறியது என்று கேட்கப் போகிறாராம்.

"நீ சொல்லிடும்மா," என்றார் எஸ் சார். "நாங்க யூனிபார்ம் போட்டவங்க, வாயைத் திறந்தா வம்பு. உனக்கென்ன?"

"அவளைப் போய்ச் சொல்லச் சொல்றீங்களே," என்றார் பேட்டரி அக்கா. "பீப்பாயை உருட்டி விட்டாக்கூட சத்தம் போடும்."

"யாரும் சொல்லலைன்னா கொட்டகையை மூடிட்டு வேலையை வெளியாளுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்," என்றார் எஸ் சார் அக்காவிடம்.

அக்கா அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் தாங்கவில்லை. நான் பேசாவிட்டால் அவர் வேலை போகும். பேசலாம் என்றால், மறுபடியும் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன கதைதான். தயவுசெய்து வந்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், அத்தை முழங்காலையே சொல்லலாம்.

அத்தைக்கு என் வணக்கம். நோய் நொடியும் புதுப் பெயின்டும் அண்டாமல் நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பேசத் தெரியாத உங்கள் மருமகள்

பின்குறிப்பு: தபால் தலை கிடைக்காமல் கடிதம் கிடந்து, வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. பெரிய அதிகாரி கேட்டார். எஸ் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதிகாரியும் தரையைப் பார்த்தார். அங்கே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது, அவருக்கே புரிந்துவிட்டது. "இனிமே பீப்பாய்க்கு யாரும் பெயின்ட் அடிக்கக் கூடாது," என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "எஸ் சார். அதை போர்டுல எழுதி முகாம் பூரா வெச்சிடறோம். என்ன கலர் சார்?" என்றார் எஸ் சார். பெரிய அதிகாரி யோசிக்க ஆரம்பித்தார், மாமா. "சிவப்புன்னா பளிச்சுன்னு..." என்று அவர் சொல்லும்போதே, "சாக்பீஸ்ல எழுதுங்க" என்று யாரோ கத்தினார்கள். பார்த்தால் நான்தான். அதோடு விட்டிருக்கலாம். "பீப்பாய்லயும் அதேதான். பேட்டரின்னு எழுதுங்க, துணின்னு எழுதுங்க, எல்லாருக்கும் படிக்கத் தெரியும்ல" என்று கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டே போனேன், பேட்டரி அக்கா பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினேன். பெரிய அதிகாரி என்னைப் பார்த்து "எஸ்" என்றார்.

எனவே கூட்டிப் போக வர வேண்டாம். சும்மா பார்க்க வந்தால் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி வாருங்கள். வெள்ளை மட்டும். கலர் எதுவும் என் கண்ணில் படக் கூடாது.