பந்திக்கு விரித்த நியூஸ்பிரிண்ட்

ஒரு வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவரிடம் மட்டும் யோசனை கேட்கக் கூடாது. நேற்றுச் சேர்ந்தவர் வாயை மூடிக்கொண்டு இருப்பார். தலை நரைத்தவர் "பாத்துக்கலாம்" என்று நழுவிவிடுவார். நடுவில் இருக்கிற ஆறு மாதக்காரர்தான் ஆபத்து. என் தங்கை மலர்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வாங்கும் பிரிவில் சேர்ந்து எனக்குச் சரியாக ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தில் எந்தத் தாளையும் நான் சும்மா விட்டதில்லை. பஸ் டிக்கெட்டைத் தடவிப் பார்ப்பேன். பஜ்ஜி எண்ணெய் ஒற்றிய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஜாதகம் வந்தபோது வீடே பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதன் ஓரத்தை விரலால் நெருடி, "எழுவது ஜி.எஸ்.எம். மேப்லித்தோ. நல்ல குடும்பமாத்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னேன். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜி.எஸ்.எம்., புத்தகம் அச்சடிக்கிற தாள்தான் மேப்லித்தோ. கேட்காதவர்களுக்கும் இதை விளக்கியிருக்கிறேன்.) அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணம் எங்கள் ஊரான திருக்காட்டுப்பள்ளியில். அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு பயம்: மாப்பிள்ளை இளங்கோவின் பெரியப்பா. நன்னிலத்துக்காரர், எங்களுக்கு நன்னிலம் மாமா. மரியாதையில் துளி குறைந்தாலும் எழுந்துவிடுவார். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் இலையில் மட்டும் உடைந்த அப்பளம் விழுந்ததாம், எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் தம்பிகள் எழுவார்கள், தம்பிகள் எழுந்தால் பந்தியே எழும்.

"அவரு மட்டும் வயிறார சாப்புட்டு எழுந்தாருன்னா போதும்மா. மலரு நிம்மதியா அந்த வீட்டுக்குப் போவா" என்றார் அப்பா.

மாமாவின் மனதைக் குளிரவைக்கும் பொறுப்பை, யாரும் கொடுக்காமலே, நான் எடுத்துக்கொண்டேன்.

பந்தி மேஜையில் இலைக்கு அடியில் வெள்ளைத் தாள் விரிப்பார்கள் அல்லவா? இவ்வளவு தாளை வெறுமனே விடுவதா என்று எனக்கு மனசே ஆறவில்லை. "மலர்விழி – இளங்கோ" என்று வரிவரியாக அச்சடித்து விரித்தால் மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோக மாட்டார்களா? எந்தத் தாள் என்பதில்தான் என் மேதைமை வெளிப்பட்டது. ஆர்ட் பேப்பர் வழவழப்பு, இலை வழுக்கி மடியில் விழும். மேப்லித்தோ விறைப்பு, மேஜையில் படியாது. செய்தித்தாள் அச்சடிக்கிற நியூஸ்பிரிண்ட்தான் மெல்லிசு, சொன்னபடி படியும், சிந்தியதை உறிஞ்சும். எங்கள் அச்சகத்தில் வாரப் பத்திரிகை ஓட்டிய ரீலில் மிச்சம் இருந்தது, முதலாளியும் சரியென்றார். கறுப்பு மை கல்யாணத்துக்கு ஆகாது, மங்கலமாக இருக்கட்டும் என்று சிவப்பு மை போடச் சொன்னேன். (அந்த மங்கலம் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.)

"கையில ஒட்டாதாக்கா?" என்று மலர் கேட்டாள்.

"நியூஸ்பிரிண்ட்டு மைய உறிஞ்சிக்கும்டி. நீ பி.காம். படிச்சவ, ஒனக்கு இதெல்லாம் புரியாது."

உறிஞ்சும், பொய்யில்லை. ஆனால் அந்த மை லேசில் காயாது. காலையில் பேப்பர் படித்தால் விரல் கறுக்கும் என்பது டீக்கடை பெஞ்சில் உட்காருகிற அத்தனை பேருக்கும் தெரியும். ஜி.எஸ்.எம். தெரிந்த எனக்குத்தான் தோன்றவில்லை.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி. நன்னிலம் மாமாவும் தம்பிகளும் கஞ்சி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "அட, பேரெல்லாம் போட்டிருக்கு!" என்று மாமாவே சொன்னார். அப்பா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். அந்தப் பெருமை சாம்பார் வரும்வரை நீடித்தது.

இலையில் தெளித்த தண்ணீரை எல்லோரும் தாளின்மேல் வழித்துவிட்டார்கள். ஆனி மாத வியர்வை வேறு. ரசம் ஒரு பக்கம் ஓடியது. அத்தனை பேரும் இடது கையை மேஜைமேல் சுகமாகச் சாய்த்து, வலது கையால் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாயச வாளியோடு வந்தவர் திடீரென்று நின்றார். "ஐயய்யோ! பெரியவருக்கு ரத்தம்!"

மாமா கையைத் தூக்கினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்பு. தம்பிகளும் பதறித் தங்கள் கைகளைத் தூக்கினார்கள். கிராம சபையில் தீர்மானம் நிறைவேறுவதுபோல வரிசை முழுக்க இடது கைகள் உயர்ந்து நின்றன, அத்தனையும் சிவப்பாக.

"யாரு பண்ண வேல இது?" என்றார் மாமா.

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

"மாமா, அது வந்து... நாப்பத்தஞ்சு ஜி.எஸ்.எம். நியூஸ்பிரிண்ட்டுங்க. மேப்பூச்சு கெடையாதுங்களா, அதனால ஈரம் பட்டா..."

(அப்போதும் வாய் அடங்கவில்லை பாருங்கள்.)

மாமா எழுந்துவிட்டார். தம்பிகள் பாயச வாளியை ஏக்கமாகப் பார்த்தபடி பாதி எழுந்தார்கள். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேப்பர் பெருமை பேசியே தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.

மாமா விடுவிடுவென்று கைகழுவும் இடத்துக்குப் போனார். "சம்பந்தி, சம்பந்தி" என்று அப்பா பின்னால் ஓட, நான் அவருக்குப் பின்னால் ஓடினேன். மாமா குழாயைத் திறந்து கையை நீட்டியவர், அப்படியே நின்றார். எதிரே கண்ணாடி. சட்டையில் இடவலம் மாறிப் பதிந்திருந்த எழுத்துகள் அதில் நேராகத் தெரிந்தன.

"மலர்விழி... இளங்கோ" என்று மெதுவாகப் படித்தார். குழாயை மூடினார். "டேய், ஒங் கையக் காட்டு."

பின்னாலேயே வந்திருந்த பெரிய தம்பியின் கையில் "விழி – இள" மட்டும் இருந்தது. அடுத்தவருக்கு "ங்கோ". கடைசித் தம்பிக்கு வெறும் தீற்றல். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தன் கையை மறுபடி கண்ணாடியில் பார்த்தார். கோயிலில் முதல் மரியாதை வாங்கியவர்போல முகம் மலர்ந்தது.

"எனக்கு மட்டுந்தான்டா ரெண்டு பேரும் முழுசா வுழுந்திருக்கு!"

பொய்யே சொல்லத் தெரியாத என் அப்பா அன்று ஒன்று சொன்னார். "ஒங்க எடத்துக்குன்னு பாத்துப் போட்டதுங்க, சம்பந்தி."

"அதானே பாத்தேன்" என்றார் மாமா. புது இலை போடச் சொல்லி மறுபடி உட்கார்ந்து, பாயசம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்கால வரவேற்பிலும் அந்தச் சட்டையை மாற்றவில்லை. போட்டோவிலெல்லாம் இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

மலருக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் இன்றுவரை எந்தப் பந்தியிலும் யாரும் இடது கையை மேஜையில் வைப்பதில்லை. காரணம் தெரியாமல் வந்த மருமகள்கள்கூட, ஏதோ குலவழக்கம் போலிருக்கிறது என்று கையைத் தூக்கியே சாப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு காதுகுத்தில் நான் வழக்கம்போல மேஜைத் தாளின் ஓரத்தை நெருட, மலரின் மகள், "எல்லாரும் கையத் தூக்கிக்கங்க, பெரியம்மா பேப்பரத் தொட்டுட்டாங்க!" என்று கத்தினாள். வரிசை முழுக்கக் கைகள் உயர்ந்தன.

நன்னிலம் மாமா மட்டும் தன் இடது கையை மேஜையில் அழுத்தி வைத்து, எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சட்டை வெள்ளையாகவே இருந்தது.

"என்னம்மா இது," என்றார் என்னிடம், உண்மையான மனக்குறையோடு. "இந்த வூட்டுல மரியாத தெரியாது போலருக்கே."