சூடு தெரியாத மெஷின்

"இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடணுமா?" என்று கேட்கிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பார்ப்பதற்கு நம்மைப் போலத்தான் இருப்பார்கள். சட்டை போடுவார்கள், வரி கட்டுவார்கள், மழை வந்தால் குடை பிடிப்பார்கள். ஆனால் வீட்டில் ஏதாவது ஒன்று கிறீச்சென்றோ கடகடவென்றோ ஒரு முனகல் முனகிவிட்டால் போதும், காது விறைத்துக்கொள்ளும், முகத்தில் தனிக் களை வந்துவிடும், கை தானாகப் பின்பாக்கெட்டைத் தடவும். அங்கே திருப்புளி, அதாவது ஸ்க்ரூடிரைவர், இருக்கும். தன் கல்யாணம் நிச்சயமானபோதுகூட அந்த மனிதர் இவ்வளவு பூரித்திருக்க மாட்டார்.

அந்த இனத்தில் ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தெருவில் உள்ளவர்கள் வைத்த பெயர் திருப்புளியார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. என்ன வேலை? பழுதாகிப்போன சாமான்களுக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற வேலை. "நீங்களே கழட்டிப் பாத்தீங்களா? அப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. முறையா ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கணும்" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பரிவோடு சொல்லுவார். சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன் வேறு எதையாவது கழற்றுவார். உபதேசம் ஊருக்குத்தானே?

அவர் வீட்டுப் பாத்திரம் கழுவும் மெஷின் சில நாட்களாகச் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்கும், ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு பீப் பீப்பென்று கத்திவிட்டு நெற்றியில் ஏதோ ஓர் எழுத்தைக் காட்டி நின்றுவிடும். திறந்து பார்த்தால் உள்ளே சூடேறாத பச்சைத் தண்ணீர். தட்டுகளில் வைத்தபோது இருந்த அதே எண்ணெய்ப் பிசுக்கு. அவர் மனைவி அந்தத் தட்டுகளை எல்லாம் எடுத்துக் கையால் கழுவினாள். சும்மா கழுவவில்லை, சத்தம் வரும்படி கழுவினாள்.

விடுமுறை நாள் காலையில் அவள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சாயங்காலம் அண்ணன் சாப்பிட வர்றாரு. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"இதுக்குப் போய்..."

"தெரியும். அதுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லிடறேன். அண்ணன் வர்றப்போ இது ஓடணும். ஓடலைன்னா உங்க டூல்ஸ் பெட்டி அவரு கார் டிக்கியில ஏறிடும். அப்புறம் இந்த வீட்டுல நீங்க ஒரு ஸ்க்ரூவைத் தொடக்கூடாது."

திருப்புளியார் பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பெட்டி போவது ஒரு துக்கம் என்றால், போகிற இடம் அதைவிடப் பெரிய துக்கம். மச்சான் எப்பேர்ப்பட்டவர் தெரியுமா? பல்பு மாட்ட ஆள் கூப்பிடுகிறவர். சுவரில் ஓர் ஆணி அடிக்க ஆள் கூப்பிட்டுவிட்டு, அவன் அடித்து முடிக்கும்வரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறவர். இவர் தேய்த்துத் துடைத்து, அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கும் திருப்புளிகளை, அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க டிக்கியிலேயே போட்டுக் குலுக்கிக்கொண்டு திரிவார். அதை நினைத்ததும் திருப்புளியார் கைலியை மடித்துக் கட்டினார்.

இந்த இனம் நோய் கண்டுபிடிக்கும் அழகே தனி. முதலில் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு காதை வைத்துக் கேட்பார்கள். அதன்பிறகு, "இதை யாரு கடைசியா தொட்டது?" என்று வீட்டைப் பார்த்துப் பொதுவாக ஒரு கேள்வி போடுவார்கள். கடைசியாகத்தான் செல்போனில் வீடியோ. அதிலும் பாருங்கள், இந்த இனம் இன்றுவரை எந்த வீடியோவையும் முழுசாகப் பார்த்ததில்லை. "இப்போது அந்தத் திருகைக் கழற்றவும்" என்கிற இடம் வந்ததுமே ரத்தம் சூடாகி எழுந்துவிடுவார்கள். கழற்றச் சொன்ன பிறகு கேட்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது?

திருப்புளியாரும் பாதி பார்த்தார். தண்ணீரின் சூட்டை அளந்து மெஷினின் மூளைக்குச் சொல்லும் சென்சார் ஒன்று அடியில் இருக்கிறது, அது கெட்டால் மெஷின் இப்படித்தான் கத்தி நிற்கும் என்று தெரிந்தது. அவ்வளவு போதும். பிளக்கைப் பிடுங்கினார், தண்ணீர்க் குழாயை மூடினார், மெஷினை மல்லாத்தினார், தானும் அதன் பக்கத்தில் மல்லாந்தார். அடுக்களைத் தரையில் இரண்டு பேரும் சோடியாகக் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு அவர் மனைவி காய்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "சென்சார்தான். சூடு சுரணை இல்லாமப் போச்சு."

"மெஷினுக்கா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சுண்டுவிரல் அளவுள்ள அந்தச் சாமானைக் கழற்றி மேடைமேல் வைத்து, ஒரு டம்ளரில் பச்சைத் தண்ணீரும் இன்னொன்றில் வெந்நீரும் ஊற்றி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் பிடித்துச் சோதனை செய்தார். பச்சைத் தண்ணீரில் எண் உயரத்தில் நின்றது. வெந்நீரில் முக்கியதும் சரசரவென்று இறங்கியது. திருப்புளியார் வாயெல்லாம் பல்லாக மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? சூடு ஏறினா எண் ஏறணும். இது இறங்குது. மண்டை குழம்பிப்போச்சு இதுக்கு."

"ஏறித்தான் ஆகணும்னு யாரு சொன்னா?"

"நீ தெர்மாமீட்டரே பாத்ததில்லையா? காய்ச்சல் வந்தா ஏறுமா இறங்குமா?"

இதற்குப் பதில் வீடியோவின் மறுபாதியில் இருந்தது.

ஓடினார். கடைத்தெருவில் உதிரி சாமான் விற்கிற கடையில் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் ஓடிவந்தார். டம்ளரில் முக்கினார். இதுவும் இறங்கியது. பழசு இறங்கிய இடத்துக்கே, நூல் பிடித்தது போல, சொல்லிவைத்து இறங்கியது. வேறு மனிதராக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார். நம் ஆள் என்ன நினைத்தார்?

"கடைக்காரன் கெட்டுப்போனதை என் தலையில கட்டிட்டான்."

"ரெண்டும் ஒரே மாதிரி இறங்குதுன்னா, அதுதான் சரியோ என்னமோ?"

"ரெண்டு பேரு சேந்து பொய் சொன்னா அது உண்மையாயிடுமா?"

பேச்சில் அவரை யாரால் வெல்ல முடியும்? ஓட்டை திறந்து கிடந்தால் தண்ணீர் ஒழுகுமே என்று பழைய சென்சாரையே இருந்த இடத்தில் பொருத்தி, வயரை மாட்டி, மெஷினை நிமிர்த்தி, பிளக்கைச் சொருகி, குழாயைத் திறந்துவிட்டார். புதுசைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்காரனோடு சண்டை பிடிக்கக் கிளம்பினார். கிளம்புகிற அவசரத்தில் செல்போனை மேடைமேலேயே விட்டுவிட்டார். அதில் வீடியோ பாதியில் நின்றிருந்தது.

கடையில் நடந்த சண்டையை விவரிக்க வேண்டியதில்லை. "சார், இது நல்ல சாமான் சார்" என்றார் கடைக்காரர். "நல்ல சாமான்னா ஏன் இறங்குது?" என்றார் இவர். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கூடிக் கருத்துச் சொன்னார்கள். கடைசியில் தொல்லை விட்டால் சரி என்று கடைக்காரர் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். அதை வெற்றிக் கோப்பை போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெரு திரும்பிய திருப்புளியாருக்கு, வாசலில் நின்ற கார்தான் முதலில் கண்ணில் பட்டது. மச்சான் கார். டிக்கி திறந்து கிடந்தது.

பெட்டி போய்விட்டது, போயே போய்விட்டது என்று அடித்துக்கொண்டது மனசு. படியேறி உள்ளே நுழைந்தால் மச்சான் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"வாங்க மாப்ளே. உங்க பெட்டிக்காகத்தான் டிக்கியை ஒழிச்சு வச்சிருக்கேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தா இந்த அலைச்சல் உண்டா?"

திருப்புளியார் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காது அடுக்களைப் பக்கம் திரும்பியது. அடுக்களையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. சுர்ரென்று, சீராக, ஒரே சுருதியில். ஓடிப்போய் மெஷின் கதவில் கையை வைத்தார். சுட்டது. அந்தச் சூடு உள்ளங்கை வழியாக ஏறி உச்சந்தலை வரைக்கும் இனித்தது. தலைகால் புரியவில்லை அவருக்கு; அடுக்களையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஓடுது. நான் மாட்டிவிட்ட கைராசி."

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. மூக்கு நுனியில் கருப்பாகக் கிரீஸ்.

"அந்த வீடியோவோட மிச்சத்தைப் பாத்தேங்க. சூடு ஏற ஏற எண் இறங்கணுமாம், அதுதான் நல்ல சென்சாராம். அப்புறம், அந்த வயரோட இன்னொரு முனை மூளைக்குப் போற இடத்துல சரியா சொருகியிருக்கான்னு பாக்கணுமாம். பிளக்கைப் பிடுங்கிட்டு முன்பக்கத் தகட்டைக் கழட்டிப் பாத்தேன். தொங்கிட்டிருந்துச்சு."

"தொங்குச்சா? அதை யாரு கடைசியா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். போன வாரம் மெஷினில் ஏதோ ஓசை வருகிறதென்று அதே தகட்டைக் கழற்றி, உள்ளே கையைவிட்டுத் துழாவி, "இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்று மூடியது யார் என்பது அவருக்கு மட்டுமா தெரியும்?

"அமுக்கினேன். டக்குன்னு உள்ள போச்சுங்க" என்றாள். அந்த 'டக்'கைச் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. அந்த மினுக்கம் திருப்புளியாருக்கு எங்கேயோ பார்த்தது மாதிரி இருந்தது. தினமும் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பது.

எப்படியோ பெட்டி தப்பியது என்று அவர் அதை எடுக்கக் குனிந்தார். பெட்டி இருந்த இடத்தில் இல்லை. அவள் மடியில் இருந்தது.

"ஓடலைன்னாதானே அண்ணனுக்கு?" என்றார் குழைந்து. "இப்ப ஓடுதில்ல?"

"ஓடுது. அண்ணனுக்குக் குடுக்கலை. உங்களுக்கும் குடுக்கலை."

மச்சான் எழுந்துவந்து நிலைப்படியில் நின்றார். "அப்ப டிக்கியை மூடிடட்டுமாம்மா?"

அவள் காதில் அது விழவில்லை. தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, கூடத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சென்றது. அவள் காது விறைப்பதைத் திருப்புளியார் கண்ணால் கண்டார்.

"ஏம்மா, ஃபேன்ல கைவைக்காதே" என்றார். தன் வாயிலிருந்துதான் வருகிறதா என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "ஒரு ஆளைக் கூப்பிட்டுடலாமே."

அவள் பெட்டியைத் திறந்து, அளவு பார்த்து ஒரு திருப்புளியை உருவினாள்.

"இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடணுமா?"

ஆகவே வாசகரே, இது பரம்பரையாக வருகிற நோய் இல்லை, ஒட்டிக்கொள்கிற நோய். ஒரே ஒரு 'டக்' போதும். உங்களுக்கு அந்தப் பயமில்லை என்றுதானே சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்? சரி. வெந்நீரில் எண் இறங்கியபோது, "யோவ், வயரைப் பாருய்யா" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததே, அது ஏன்? அதோ, உங்கள் வீட்டு அடுக்களையில் ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்கிறது. உட்காருங்கள். எழுந்திருக்காதீர்கள் என்கிறேன். முதலில் பின்பாக்கெட்டிலிருந்து கையை எடுங்கள்.