பெட்டிக்குப் போர்த்திய பொன்னாடை

உலகில் இதுவரை எந்த மின்வழங்கிக்கும் கிட்டாத கௌரவம், சென்ற ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுனில் ஒரு பன்னிரண்டு வோல்ட் பெட்டிக்குக் கிட்டியது. அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பெட்டியைச் செய்தவள் ஜெகதீஸ்வரி. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நேரத்தில் 'பினாங்கு முத்தமிழ் மின்னணுக் கழக' உறுப்பினர். போன மழைக்கு, சுங்கை பினாங்கு ஆற்றோரத்திலுள்ள அவள் அக்கா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஆறு ஏறும்போதே அலறட்டும் என்று ஜெகதீஸ்வரி ஒரு வெள்ளச் சங்கு செய்தாள். மலிவு அடாப்டரில் வோல்ட் ஏறி இறங்கியதால், அது வெயிலில் கத்தியது, மழையில் தூங்கியது. ஆகவேதான் ஏறாமல் இறங்காமல் பன்னிரண்டிலேயே நிற்கும் இந்தப் பெட்டி. அக்கா பக்கத்துக் குடியிருப்பாளர் குழுத் தலைவி காமாரியா ஞாயிறன்று பார்த்துச் சரியென்றால், அடுத்த மழைக்குள் ஆற்றோரம் மாட்டிவிடலாம்.

இதில் கழகத்தின் பங்கைக் குறைத்துச் சொன்னால் பாவம். தலைவர் பக்கிரிசாமி, சாலிடரிங் கோலை எந்த முனையில் பிடிப்பது என்பதில் இன்றுவரை நடுநிலை வகிப்பவர். 'மின்னழுத்தம் நிலையாக இருக்க வேண்டும்' என்ற தீர்மானத்தை அவரே முன்மொழிந்து ஏகமனதாக நிறைவேற்றினார். மின்னழுத்தத்தின் கருத்து மட்டும் கேட்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தில், தம் பெயர் மின்னும் விளக்குப் பலகையையும் அதே பெட்டியில் மாட்டச் சொன்னார்.

"தலைவரே, லோடு கூடுனா உள்ள ரெகுலேட்டர் சூடாவும்லா."

"என் பேருக்கு அப்படி என்ன சூடு வந்துடப் போவுது, தங்கச்சி?"

மிஞ்சும் வோல்ட்டைச் சூடாக்கி வெளியே தள்ளுவதுதான் ரெகுலேட்டரின் பிழைப்பு. அந்த மூன்றுகால் சில்லுக்குக் காற்று வரட்டுமென்றுதான் பெட்டியின் மேல்மூடி முழுக்க அவள் ஓட்டை போட்டிருந்தாள்.

ஞாயிற்றுச் சோதனையைக் கழகம் விழாவாக்கியது; தலைவரின் பலகையும் பெட்டியில் ஏறியது. முதல் பொன்னாடை தலைவருக்கு. அடுத்தடுத்து துணைத்தலைவருக்கும் செயலாளருக்கும் பொருளாளருக்கும். ஒன்று மிஞ்சியது. மிஞ்சிய பொன்னாடையைத் திருப்பி எடுத்துப்போவது கழக மரபில் இல்லை. ஜெகதீஸ்வரி அங்கேயேதான் நின்றிருந்தாள். தலைவர் அவளைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்குப் போர்த்தினார்.

"தலைவரே, ஓட்டைய மூடிட்டீங்க! காத்து போவணும்!"

"மரியாதைக்குக் காத்து எதுக்கும்மா? எடுத்தா அவமரியாதையாயிடும்."

'நிலைத்தன்மையும் நானும்' என்ற தலைப்பில் உரை தொடங்கியது. அது முடியும் அறிகுறி தெரியாததால், காமாரியா தாமே எழுந்து, சங்கின் உணரி தொங்கிய சோதனை வாளியில் தண்ணீரை ஊற்றினார். சங்கு வாய் திறக்கவில்லை. ஜெகதீஸ்வரிக்கு அக்கா வீடு கண்முன் வந்து நின்றது.

"பாருங்கள்," என்றார் தலைவர் மைக்கில், "நம் சங்கு வீணாகப் பேசுவதில்லை!"

பலத்த கைதட்டல். அதற்குப் பிறகுதான், தலைவரின் பெயர்ப் பலகையும் அணைந்திருப்பது யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. பேரிடர்!

"யாருலா சுவிட்ச அடைச்சது? என் பேரு எங்க?"

செயற்குழு நாலாபக்கமும் ஓடியது. ஜெகதீஸ்வரி மேடையேறிப் பொன்னாடையை உருவிப் போட்டாள். பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. பலகையின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, விழா அழைப்பிதழாலேயே விசிறினாள். அந்த அழைப்பிதழ் பயன்பட்டது அப்போதுதான். பெட்டி கொஞ்சம் ஆறியதும் சங்கு அலறியது, மண்டபமே அதிரும்படி.

"அத நிறுத்து! நான் பேசிக்கிட்டிருக்கேன்ல!"

காமாரியா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாகுஸ்லா, ரொம்ப நல்லாருக்கு தங்கச்சி! நாளைக்கே வந்து மாட்டிடு. தெறப்பு விழா மட்டும் வேணாம்."

பெட்டியில் 'கோளாறு' ஏற்பட்டதாகக் கழகம் அறிக்கை விட்டிருக்கிறது. இது அநியாயம். சூடு தலைக்கேறினால் தானாக அடங்கிவிடுவது அந்த ரெகுலேட்டரின் பிறவிக் குணம். அன்று மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்ட அத்தனை பேரிலும், அந்தக் குணம் இருந்தது அது ஒன்றுக்குத்தான்.