ராக்கி தேர்ந்தெடுத்த ட்ரையர்

“இந்த நாய்க்கு மாத்திரை குடுத்துக் கூட்டியாந்தீங்களா?” என்று கேட்டான் சுதர்சன்.

திருச்சியிலிருந்து, குளித்த நாயின் முடியைக் காற்றடித்து உலர்த்தும் இரண்டு ட்ரையர்களையும் ஒரு வெள்ளை நாயையும் வேனில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வந்திருந்த விற்பனையாளர் பிரேம்குமாருக்கு முகம் சுருங்கிப்போனது.

“பழகின நாய் சார். அதான் மெஷின் போட்டாலும் அசையாம நிக்குது.”

“விக்கிறவரு கூட்டியார நாய் வேற எப்படி நிக்கும்?”

சந்தேகம் இல்லாமல் சுதர்சனுக்குப் பொழுது விடியாது. வந்தவர்களையெல்லாம் திருடனைப் பார்ப்பது மாதிரி பார்த்தே செல்போன் கடையை இழுத்து மூடிய மகராசன் அவன். இப்போது நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி அனுப்பும் கடை வைக்கிறான். மனைவி நர்மதா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். “இதுவும் படுத்துக்கிச்சுன்னா பேசாம ஜெயங்கொண்டம் போயி எங்கப்பா முந்திரிக்காட்டுக்குக் காவல் இருங்க.” மாமனார் முன்னால் கைகட்டி நிற்பதற்குக் கடையிலேயே பட்டினி கிடக்கலாம் என்று நினைத்தான்.

“வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாடலை எடுங்க சார்,” என்றார் பிரேம்குமார். “மெதுவா ஆரம்பிச்சா எந்த நாயும் மிரளாது. அந்தப் பெரிசு ஒரே வேகம்தான். தண்ணியை அடிச்சு வெரட்டிடும், ஆனா சத்தம் தாங்காது.”

“பாத்தியா, வெல கூடுனதை நம்ம தலையில கட்டப் பாக்குறாரு,” என்று நர்மதாவிடம் கிசுகிசுத்தான்.

“அவரு சரியாத்தாங்க சொல்றாரு.”

இவளையும் சரிக்கட்டிவிட்டானா பாவி! விறுவிறுவென்று பக்கத்து டீக்கடைக்குப் போய், கடைக்காரி சம்பூர்ணம் வளர்க்கும் ராக்கி என்ற நாயைக் கயிற்றோடு அவிழ்த்தான்.

“எதுக்கு தம்பி அதை இழுத்துட்டுப் போறீங்க?”

“அப்பறம் சொல்றேங்க்கா. இப்ப எதுவும் கேக்காதீங்க.”

டீக்கடையில் விஷயத்தைச் சொன்னால் ஊரெல்லாம் பரவி, பிரேம்குமார் ராக்கியையும் வளைத்துவிட மாட்டாரா?

ராக்கியை நனைத்துப் பெரிய மெஷினைப் போட்டார்கள். ஜன்னல் கதவு கடகடவென்று ஆடியது. வெள்ளை நாயே வாலைச் சுருட்டிக்கொண்டு வேனுக்கு அடியில் ஓடியது. ராக்கியோ ஒரு கொட்டாவி விட்டு மேஜையிலேயே படுத்துவிட்டது.

“இதையே எறக்குங்க!” என்றான் சுதர்சன் மிதப்பாக.

வெள்ளிக்கிழமை பூசணிக்காய் உடைத்துக் கடையைத் திறந்தார்கள். பிரேம்குமாரும் வந்திருந்தார். முதல் வாடிக்கையாளர் கல்லூரி ஆசிரியை கீதாஞ்சலி. அவருடைய பொமரேனியனைக் குளிப்பாட்டி மெஷினைப் போட்டதுதான் தாமதம், அது மேஜையிலிருந்து பாய்ந்து ரோட்டில் ஓடியது. புது பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்குள் ஏறி சீட்டுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்ததை, கீதாஞ்சலி செருப்புக்கூட இல்லாமல் ஓடிப் பிடித்துவந்தார்.

“மெஷினை மாத்திட்டீங்க!” சுதர்சன் பிரேம்குமார் மேல் பாய்ந்தான்.

“அதே மெஷின்தான் சார். வேணும்னா அந்த ராக்கியையே கொண்டாந்து பாருங்க.”

கொண்டுவந்தான். மெஷின் அலறியது. ராக்கி குறட்டை விட்டது.

அப்படியானால் மெஷினில் குறையில்லை. சுதர்சனின் பார்வை மெல்லக் கீதாஞ்சலி பக்கம் திரும்பியது.

“உண்மையைச் சொல்லுங்க மேடம். கடையைக் கெடுக்க உங்களை யாரு அனுப்பிச்சது?”

“என்னது?” கீதாஞ்சலிக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. “நாய் வளக்குறவங்க வாட்ஸ்அப் குரூப்ல இப்பவே போடுறேன். இந்தப் பக்கம் ஒரு நாய் வருதான்னு பாத்துடலாம்!”

நர்மதா போனை எடுத்தாள். “அப்பா, காவலுக்கு ஆளு தேடிட்டு இருந்தீங்கல்ல? கெடைச்சாச்சு.”

சுதர்சனுக்கு அழுகையே வந்துவிட்டது. “மேடம், கொஞ்சம் நில்லுங்க! இந்த நாயைப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா தூங்குது! டேய் ராக்கி, எந்திரிடா! ராக்கி!”

நாயைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்த சம்பூர்ணம் சொன்னாள்:

“எம்புட்டுக் கத்துனாலும் எந்திரிக்காது தம்பி, தட்டித்தான் எழுப்பணும். அது சுண்ணாம்புக்கல் குவாரியில பொறந்தது. பக்கத்துலயே வெடி வெடிச்சு, குட்டியிலயே ரெண்டு காதும் செவிடு!”